வெளிநாட்டுப் படிப்புக்குக் கல்லடி போன கதை

ஐம்பதைத் தொட்ட வயதில் நான் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனேன். போன வெளிநாடு கல்லடி.

மட்டக்களப்பார் யாராவது இதை வாசித்தால் இந்த இடத்திலேயே மடித்து வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பாலத்தைக் கடந்தால் புளியந்தீவு, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நான் பிறந்து, தவழ்ந்து, சைக்கிள் உழக்கி வளர்ந்த கல்லடி. அந்தக் கல்லடிக்குத்தான் ஒரு கனடாப் பல்கலைக்கழகம் என்னை விமானத்தில் ஏற்றி, தடுப்பூசி அட்டை கேட்டு, "அந்நாட்டு மக்களின் பழக்கவழக்கங்களை மதித்து நடப்பேன்" என்று கையெழுத்தும் வாங்கி அனுப்பி வைத்தது. கையெழுத்து வைத்தபோது கல்லடியில் இருக்கும் அக்காவின் முகம் மனதில் வந்துபோனது. அந்நாட்டு மக்களில் முதலில் மதித்து நடக்க வேண்டியவர் அவர்தான்.

கனடாவில் நான் பஸ் ஓட்டுகிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு, முடிவு வரும் முன்னரே ஊரைவிட்டு வெளிக்கிட்ட தலைமுறை எங்களுடையது. முடிவு நன்றாகத்தான் வந்ததாம். அதைப் பார்க்க அங்கே நான் இருக்கவில்லை. பல்கலைக்கழகம் போகவேண்டும் என்ற ஆசை, தொண்டையில் மாட்டிய மீன்முள்போல அப்படியே இருந்துவிட்டது. சோற்றுருண்டை விழுங்கியும் பார்த்தேன், போகவில்லை. கடைசியில் தலை நரைத்த பிறகு, வேலை இல்லாத நேரங்களில் ஒவ்வொரு பாடமாக எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். புவியியலும் பண்டைய வரலாறும். பஸ் ஓட்டுகிறவனுக்கு எந்தப் பாதை எங்கே போகிறது என்று தெரியும். அது ஏன் அங்கே போகிறது என்று தெரியாது. அதை அறிய ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

ஒரே ஒரு பாடம் மிச்சம் இருந்தது. களப்பள்ளி. வெளிநாடு ஒன்றில் சில வாரம் தங்கி, மண்ணைக் கிண்டி, கடைசியில் இரண்டு விரிவுரையாளர்களுக்கு முன்னால் நின்று விளங்கப்படுத்த வேண்டும். அதில் சித்தியடைந்தால் பட்டம். அடையாவிட்டால், அந்த மீன்முள்ளோடு மிச்சக் காலத்தையும் கழிக்க வேண்டியதுதான்.

நான் கேட்டது கிரேக்கம். வெள்ளைச் சுவர், நீலக் கடல், ஒலிவ் மரத்தின் கீழ் நான். தொப்பிகூட வாங்கிவிட்டேன். பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது: கிரேக்கக் களப்பள்ளி இம்முறை நடக்காது, உங்களுக்கு இலங்கையின் மட்டக்களப்பு வாவியில் இடம் ஒதுக்கியிருக்கிறோம், இந்த அரிய வாய்ப்புக்கு வாழ்த்துகள்.

சாப்பாட்டு மேசையில் இதைச் சத்தமாக வாசித்தேன். மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பா, என்ர பிரெண்ட்ஸ் எல்லாம் பாரிசுக்குப் படிக்கப் போறாங்க. நீங்க மாமி வீட்டுக்குப் போறீங்க."

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு யோசனைதான் வந்தது. "மறுகா என்ன? எப்பிடியும் போறீங்க. அக்காக்குக் குடுத்துவிட ஒரு சூட்கேஸ் சாமான் இரிக்கு."

"நான் படிக்கப் போறன்."

"படிக்கிற புள்ளைக்கு என்னத்துக்கு ரெண்டு சூட்கேஸ்? ஒண்டு காணும்."

இப்படியாக என் கல்விப் பயணம், ஒரு தொப்பியோடும் ஒரு சூட்கேஸ் சொக்லேட்டோடும் தொடங்கியது.

கல்லடிக் கடற்கரைக்குக் கிட்ட ஒரு விடுதியில் எங்களைத் தங்க வைத்தார்கள். கூட வந்தவர்கள் எல்லாரும் இருபது வயதுப் பிள்ளைகள். என்னைக் கண்டதும் அவர்களுக்குப் பெரிய நிம்மதி. "நீங்கள் இந்த ஊர்தானே!" என்று சூழ்ந்துகொண்டார்கள். இந்த மரம் என்ன மரம், அந்தப் பறவை என்ன பறவை, இந்த வாவியில் மீன் பாடுமாமே, உண்மையா?

"பாடும்," என்றேன். "வெளியாட்கள் வந்தால் கொஞ்சம் வெட்கப்படும்."

அவர்கள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அந்த நொடியில் நான் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. ஊர்க்காரன் என்ற பட்டம் இலவசமாகக் கிடைத்தது. படிக்காமலே கிடைத்த பட்டத்தை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா?

விரிவுரையாளர் இருவர். ஒருவர் வாவிச் சேற்றைப் படித்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர், அங்கே எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது வாயில் வராது. இலங்கைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், "மிஸ்" என்றுதான் வரும். மற்றவர் பண்டைய வரலாறு, அவர் "சேர்". வேலை இதுதான்: பழைய காலத்தில் இந்த வாவி கடலோடு எவ்வளவு திறந்து கிடந்தது, தண்ணீர் எவ்வளவு ஆழம், கரையில் வாழ்ந்தவர்கள் எந்த மாதிரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார்கள் என்று சேற்றிடமே கேட்பது.

சேற்றிடம் கேட்பதற்கு வாவிக்குள் போகவேண்டும். முதல் கூட்டத்தில் மிஸ் கேட்டார்: "நீந்தத் தெரியாதவர்கள் யாராவது இருக்கிறீர்களா?"

ஒருவரும் கை தூக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வாவிக் கரையில் பிறந்தவனிடம் இந்தக் கேள்வி கேட்பதே பகிடி என்று அவர்களுக்கு எண்ணம். நான் கையைக் காதுவரை கொண்டுபோய்ச் சொறிந்துவிட்டு இறக்கினேன். எனக்கு நீந்தத் தெரியாது. அம்மா எங்களை ஆற்றுப் பக்கமே விட்டதில்லை. நாங்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்த்து மட்டுமே வளர்ந்தவன் நான். பார்த்ததிலும் பாதி நேரம் சைக்கிளில் எதிர்க்காற்றுக்குக் குனிந்துகொண்டு போனது.

ஆகவே மிதப்பு அங்கியை நான் கழற்றவேயில்லை. மற்றவர்கள் தோணியில் ஏறும்போது போட்டுக்கொண்டார்கள். நான் விடுதியில் காலைச் சாப்பாட்டுக்கே போட்டுக்கொண்டு வந்தேன். "பாதுகாப்பில் இவரைப் பாருங்கள்," என்று மிஸ் மற்றப் பிள்ளைகளுக்கு என்னை உதாரணம் காட்டினார்.

அக்கா வந்தது முதல் நாள் பின்னேரம். விடுதி வாசலில் ஓட்டோவை நிறுத்தி, பெரிய சட்டிகளை இறக்கிவைத்து, நேரே என்னிடம் வந்தார்.

"டேய், அக்கா இஞ்ச இரிக்கக்குள்ள நீ காசு குடுத்துக் கண்ட இடத்தில படுக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?"

"அக்கா, இது படிப்பு. எல்லாரும் ஒண்டா இருக்க வேணுமாம்."

"ஓம், பெரிய படிப்பு. அப்ப சட்டியில இரிக்கிற இறாலை ஆருக்குக் குடுக்கிற?" என்று கேட்டுவிட்டு, என் மறுமொழிக்குக் காத்திராமல் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தார். பிட்டு, இறால் பொரியல், மீன் சொதி, பிறகு சட்டியோடு எருமைத் தயிர். அக்காவுக்கு ஆங்கிலம் வராது. பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. ஆனால் ஒரு மணித்தியாலத்தில் எல்லாரும் அவரை "அக்கா" என்று கூப்பிட்டார்கள், எங்கள் சேர் உட்பட.

ஒரு பிள்ளை கேட்டாள், "அக்கா இருக்கும் வீடுதான் உங்கள் வீடா?" இல்லை என்றேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்கு. ஆண்பிள்ளை கல்யாணம் கட்டினால் மனைவி வீட்டுக்குப் போகவேண்டும். என் மனைவியின் வீடு கனடாவில் இருந்தது, ஆகவே நான் கொஞ்சம் தூரமாகப் போய்விட்டேன். சேர் அதையும் குறித்துக்கொண்டார். அது மட்டும்தான் அந்த வாரம் நான் சொன்னவற்றில் முழு உண்மை.

சேறு எடுக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த மடைத்தனத்தின் அருமை உங்களுக்கு விளங்காது. இரண்டு தோணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, நடுவில் பலகை போட்டால் ஒரு மேடை. அதில் நின்றுகொண்டு, ஆள் உயரத்துக்கு மேல் நீளமான பிளாஸ்டிக் குழாயை அடிச்சேற்றுக்குள் நெட்டாகக் குத்தி இறக்கவேண்டும். பிறகு மேல்வாயை இறுக்கி மூடி மெல்ல இழுத்தால், சேறு கலையாமல் உள்ளேயே நின்று வரும். பிட்டுக்குழலுக்குள் மாவும் தேங்காய்ப்பூவும் அடுக்கடுக்காக நிற்குமே, அப்படி. அடியில் இருப்பது பழைய காலம். மேலே இருப்பது நேற்று. இரண்டு முனையிலும் பஞ்சுபோல ஒரு பொருளை அடைத்து, ஒரே மாதிரிச் சிவப்பு மூடி போட்டு, நாடா சுற்றிவிடுவார்கள். குழாய்க்குள் இருப்பது வெளியே தெரியாது. ஆகவே அது வெளியே வந்த உடனேயே மேல்முனையைக் காட்டி ஓர் அம்புக்குறி போட்டுவிட வேண்டும்.

"உங்கள் பெயரை எழுத மறந்தாலும் பரவாயில்லை," என்று மிஸ் சொல்லியிருந்தார். "அம்பை மறக்காதீர்கள்."

ஆளுக்கொரு குழாய். அந்தக் குழாய்தான் பரீட்சை. அதை மேசையில் பிளந்து வைத்து, அடியிலிருந்து மேலாக, இந்த வாவியின் கதையை நாங்கள் வாசித்துக் காட்டவேண்டும்.

என்னுடைய முறை தோணி வேலையின் கடைசி நாளில் வந்தது. அதற்குப் பிறகு கச்சான் காற்று பலக்கும், மேடை கட்டமுடியாது என்று தோணிக்காரர் சொல்லியிருந்தார். அவர் கல்லடியில் மீன்பிடிக்கிறவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார், கேலிக்கு. எனக்கு உதவியாக வந்தவள் களப்பள்ளியில் என்னோடு சோடி சேர்த்துவிட்ட கூட்டாளிப் பெண், என் மகள் வயது, வேலையில் படு கெட்டிக்காரி.

தோணி கரையை விட்டதும் கேட்டேன், சாதாரணமாகக் கேட்பதுபோல. "அண்ணன், இதுக்குள்ள முதலை இருக்கோ?"

"ஓம், இரிக்கு."

"ஒண்டும் செய்யாதோ?"

"நல்ல சாதி. பயந்த ஆக்களைத்தான் பாக்கும்."

நான் மேடையின் சரி நடுவுக்கு நகர்ந்தேன். கூட்டாளிப் பெண் அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். "முதலை இல்லையாம்," என்று மொழிபெயர்த்தேன்.

குழாய் அழகாக இறங்கியது. அழகாக மேலே வந்தது. தோணிக்காரர் மிச்சக் குழாயை மரம் அறுக்கும் வாளால் அறுத்துத் தள்ளி, இரு முனையையும் அடைத்து மூடி, நாடா சுற்றி, நெட்டாக நிறுத்தி என் கையில் தந்தார். அம்பு போடும் பேனை என் வாயில் இருந்தது, மூடியைக் கடித்தபடி. இரண்டு கையும் குழாயில். ஒரு கையை எடுத்து, பேனையை எடுத்து, ஒரு கோடு இழுக்க வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து ஓர் இயந்திரத் தோணி பக்கத்தால் போனது. அலை வந்தது. பெரிய அலை இல்லை, தண்ணீர்க் கோழி ஒன்று அதே அலையில் நிம்மதியாக ஆடிக்கொண்டு இருந்தது. ஆனால் மேடை ஒரு பக்கம் சரிந்தது. நான் "ஐயோ!" என்றேன். வாயைத் திறக்காமல் ஐயோ சொல்லும் கலையை நான் எங்கும் படித்ததில்லை. பேனை தண்ணீரில் விழுந்து, ஒரு குமிழி விட்டு, மறைந்தது.

நான் குழாயை இரண்டு கையாலும் இரண்டு காலாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு பலகையில் விழுந்து கிடந்தேன்.

"கனடாத் தம்பி," என்றார் தோணிக்காரர், மிக அமைதியாக, "குழாயை விடு. அதுக்கும் நீந்தத் தெரியா."

நான் விடவில்லை. கரை வரும்வரை விடவில்லை. இரண்டு தடவை புரண்டு படுத்தேன், ஒரு தடவை காலை மாற்றினேன். கரையில் பிள்ளைகள் ஓடி வந்து, எங்கள் இருவரையும் பிரித்து, குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் விடுதிக் கொட்டிலில் கிடத்தினார்கள். கூட்டாளிப் பெண் அதைக் குனிந்து பார்த்தாள். சுற்றி வந்து மற்றப் பக்கமும் பார்த்தாள்.

"அம்பு எங்கே?"

"வாவிக்குள்."

எந்த முனை மேல், எந்த முனை கீழ் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தோணிக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார், போகாவிட்டாலும் இத்தனை புரளலுக்குப் பிறகு அவருக்கும் தெரிந்திருக்காது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் சேறு குழம்பும் என்று விதி. கூட்டாளிப் பெண் நேராக யோசிக்கிறவள். "மிஸ்ஸிடம் சொல்லுவோம்," என்றாள்.

"சொன்னா பெயில்," என்றேன். மிஸ் அப்படிச் சொன்னதேயில்லை. ஆனால் என் மண்டைக்குள் ஏற்கெனவே மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம், இத்தனை பாடம், கடைசியில் ஒரு கோடு இழுக்கத் தெரியாமல் பட்டம் போனது என்று ஊரில் கதை நடக்கும். அதுவும் இந்த ஊரில்.

முகர்ந்து பார்த்தேன். இரண்டு முனையும் ஒரே நாற்றம். தட்டிப் பார்த்தேன், தேங்காய் வாங்குகிறவன் மாதிரி. ஒரே சத்தம். கடைசியில் கூட்டாளிப் பெண் குழாயை நடுவில் பிடித்துத் தூக்கினாள். ஒரு முனை தெளிவாகத் தாழ்ந்தது.

"பாரமான முனைதான் அடி," என்றாள். "அடியில் மணல் இருக்கலாம்."

அவள் சொன்னது சரி. அறிவுள்ள எவரும் அதைத்தான் சொல்வார். ஆனால் பதற்றம் பிடித்தவனுக்கு மற்றவன் சொல்வது எல்லாம் பிழையாகத்தான் தெரியும். "இல்லை," என்றேன், "மேல்முனையில்தான் தண்ணீர் நிறைய. தண்ணீர் பாரம். தண்ணீர்ப் போத்தல் பெட்டி தூக்கிப் பார்த்திருக்கிறாயா?"

"சேற்றைவிடத் தண்ணீர் பாரமா?"

"எங்கட ஆற்றைப் பற்றி எனக்குத் தெரியாதா?" என்றேன். "நான் இந்த ஊர்."

அவள் குழாயைக் கீழே வைத்தாள். ஊர்க்காரன் சொன்னால் சரிதானே. நான் புதுப் பேனை வாங்கி, பாரமான முனையைக் காட்டி, தடித்த, தயக்கமே இல்லாத ஓர் அம்பு போட்டு, பக்கத்தில் தமிழில் "மேல்" என்றும் எழுதினேன். அவ்வளவு அழகான எழுத்து என் கையால் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

மறுநாள் காலை பரீட்சை. வாவிக் கரையிலேயே ஒரு கொட்டிலில் நீளமான மேசை. ஊரில் செய்த வேலையை ஊர்ச் சனம் பார்க்கவேண்டும் என்பது சேரின் கொள்கை, ஆகவே விரும்பியவர்கள் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். தோணிக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அக்கா சட்டிகளோடு முன்வரிசையில் இருந்தார். "என்ர தம்பிக்குச் சோதினை," என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது எனக்குக் கேட்டது. 

குழாயை நீளவாட்டில் பிளந்து, அம்பு வலக்கைப் பக்கம் பார்க்க மேசையில் வைத்தார்கள். நான் அடி என்று நினைத்த முனையிலிருந்து தொடங்கினேன். கறுத்த, இளகிய சேறு, மெல்லிய புல்வேர்கள். "ஆதியில்," என்றேன் கம்பீரமாக, "இது அமைதியான, ஆழமற்ற வாவி." கொஞ்சம் மேலே போனேன், சாம்பல் களி. இன்னும் மேலே, பருமணல். அதற்குள் கடல் சிப்பிகள், பெரிசு பெரிசாக. எங்கோ இடிக்கிறது என்று தெரிந்தது. ஆனால் வாய் ஓடத் தொடங்கிவிட்டால் பிரேக் பிடிக்காது. "பின்னர் கடல் உள்ளே வந்தது. இன்று, நாங்கள் காண்பதுபோல, இது திறந்த கடல்."

"இன்று?" என்று கேட்டார் சேர்.

"இன்று," என்றேன்.

எல்லாரும் திரும்பி வாவியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கண்ணாடி மாதிரிக் கிடந்தது. நட்டிருந்த ஒரு கம்பில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கடலுக்கான அறிகுறி எதுவும் இல்லை.

"ஒரு வகையில் பார்த்தால்," என்று இழுத்தேன்.

அந்த நேரம் கூட்டாளிப் பெண், என் சேற்றின் முகத்தைக் கத்தியால் மெல்ல வழித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தவள், ஆதிகாலத்துக்குள் இருந்து எதையோ இழுத்தாள். மடிந்து, நனைந்து, மினுங்கிக்கொண்டு வந்தது. இனிப்பு சுற்றும் ஒரு டொபித் தாள்.

 அக்காதான் முதலில் கதைத்தார்.

"தம்பி, நீ சொன்ன ஆதியில இரிந்த ராசாவுக்குப் பல்லில புழுவெண்டு சொல்லு."

தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். தோணிக்காரர் மேசையைத் தட்டினார். சிரிக்காதவர்கள் நானும் சேரும்தான். அவர் நல்ல மனிதர். எனக்கு ஒரு கயிறு எறிந்தார்.

"குழாய் இறங்கும்போது மேலே கிடந்த தாள் சுவரோடு வழுக்கி அடிக்குப் போயிருக்கலாம், இல்லையா? அப்படி நடப்பது உண்டு."

பிடித்துக்கொண்டால் தப்பிவிடலாம். "ஓம் சேர், அப்படித்தான்" என்ற ஒரு வசனம், பிறகு பட்டம். வாயைத் திறந்தேன். அப்போது கண்ணில் பட்டது அந்தப் புல்வேர். தடித்த பக்கம் இடக்கையில் இருந்தது. அங்கிருந்து வலக்கைப் பக்கமாக, என்னுடைய அழகான அம்பு காட்டும் திசையில், நூல்நூலாக மெலிந்து, கிளைவிட்டு ஓடியது. அதாவது என் கணக்கின்படி, மட்டக்களப்பு வாவியில் புல் வேரை வானத்தை நோக்கி வளர்க்கிறது.

டொபித் தாள் வழுக்கலாம். வேர் வழுக்காது. கூட்டாளிப் பெண்ணும் அதைப் பார்த்துவிட்டாள்.  பிறகு என்னைப் பார்த்தாள்.

"மிஸ்," என்றேன், "குழாய் தலைகீழ். பேனை தண்ணிக்குள்ள விழுந்திட்டுது. எனக்கு நீந்தவும் தெரியாது. இந்த அம்பு நான் கரையில வைச்சு நினைச்சுப் போட்டது. இவள் சரியாச் சொன்னாள், நான்தான் கேட்கேல்லை." பாதி தமிழில் சொன்னேனா ஆங்கிலத்தில் சொன்னேனா என்று இன்றும் நினைவில்லை. இரண்டு மொழிக்காரர்களும் விளங்கிக்கொண்டார்கள். பிறகு, வேறு என்ன செய்வது என்று தெரியாமல், மேசையைச் சுற்றி நடந்து மற்ற முனைக்குப் போய் நின்றேன்.

விசித்திரம் என்னவென்றால், அங்கே போய் நின்றதும் பயம் போய்விட்டது. இனி இழக்க ஒன்றும் இல்லை, சேறு மட்டும்தான் இருக்கிறது. அதைப் பார்த்தேன். உண்மையாகவே, முதல்முறையாகப் பார்த்தேன். பருமணலும் கடல் சிப்பியும் அடியில். அதாவது ஒரு காலத்தில் கடல் தாராளமாக உள்ளே வந்துபோன தண்ணீர். மேலே வர வர மணல் நுணுகி, சிப்பி சிறுத்து, சாம்பல் களி. கடல்வாய் மெல்ல மெல்ல ஒடுங்கியிருக்கவேண்டும். களிக்கு மேலே கறுத்த சேறு, வாவிப் புல். பிறகு நாங்கள், டொபித் தாளோடு. எனக்குப் பின்னால் கிடந்த வாவியும் மேசையில் கிடந்த சேறும் ஒரே கதையைச் சொல்லின. நான் குறுக்கே நிற்காமல் இருந்தால் அவை நேற்றே சொல்லியிருக்கும்.

சேர் கேட்டார்: "அப்படியானால் அடிக்காலத்தில் கப்பல்கள் உள்ளே வந்திருக்கும் என்கிறீர்களா?"

ஊர்க்காரனுக்கு "ஓம்" சொல்ல ஆசைதான். எங்கள் ஆற்றுக்குள் கப்பல் வந்தது என்றால் யாருக்குப் பெருமை? அக்காவுக்கும்தான். "இந்தச் சேறு அதைச் சொல்லவில்லை," என்றேன். "வந்திருக்கக்கூடிய மாதிரித் தண்ணீர் இருந்தது என்று மட்டும்தான் சொல்கிறது."

சேர் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் தன் தாளில் ஏதோ எழுதினார். "அம்புக்குப் பூச்சியம்," என்றார். "ஒரு புள்ளிகூடத் தரமாட்டேன்." பிறகு சிரித்துவிட்டார். "ஒரே குழாயை இரண்டு முனையிலிருந்தும் வாசித்த ஒருவரை நான் இதுவரை கண்டதில்லை. கடைசியாக நீங்கள் சொன்ன பதிலுக்காகவே உங்களைச் சித்தியடைய விடுகிறேன். இனி இந்தக் களப்பள்ளி முடியும்வரை, எந்தப் பெட்டியை யார் கட்டினாலும் அதில் 'மேல்' என்று எழுதுவது உங்கள் வேலை."

கூட்டாளிப் பெண் என் அம்பைக் குறுக்குக் கோடு போட்டு வெட்டினாள். "நான் அப்போதே சொன்னேன்" என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை இருந்தது. அவள் அதைச் சொல்லவேயில்லை. குனிந்து, நான் எழுதியிருந்த எழுத்துகளைப் படம் பார்த்து வரைவதுபோலப் பார்த்துப் பார்த்து, சரியான முனையில் "மேல்" என்று தமிழில் எழுதினாள். "ல்"லின் புள்ளியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தாள். நான் திருத்தவில்லை.

"என்னவாம்?" என்று அக்கா அங்கிருந்தே கத்தினார்.

"பாஸாம், அக்கா."

"மறுகா ஏன் மூஞ்சை இப்பிடிப் போகுது? பாஸெண்டாக் கையைக் கழுவிப்போட்டு வா. புள்ளைகள் பசியில நிக்கிதுகள்."

தோணிக்காரர் என் தோளில் தட்டினார். "நீந்தத் தெரியாதெண்டு அண்டைக்கே எனக்குத் தெரியும்," என்றார். "அதுதான் தோணியை முழுக்கக் கரையோரமாக் கொண்டு போனன். நீ விழுந்திருந்தாலும் இடுப்பளவுதான் தண்ணி."

"அப்ப முதலை?"

"அது பகிடிக்கு."

நான் அவரை என்ன செய்வது? கட்டிப் பிடித்தேன். இந்த முறை குழாய் இல்லை.

சாப்பிட்டு முடிந்ததும் மிஸ் அக்காவிடம் போனார். இந்த வாரங்கள் முழுவதும் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொண்டுவந்ததற்குப் பல்கலைக்கழகத்தின் சார்பில் நன்றி சொல்ல விரும்புவதாகவும், அதை நான் மொழிபெயர்க்க வேண்டும் என்றும் சொன்னார். நீளமான, அழகான நன்றி. நான் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல அது மிஸ்ஸின் நன்றியாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நான் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு, நான் போன பிறகு உயர்தர முடிவைப் போய்ப் பார்த்துவந்து தொலைபேசியில் வாசித்துக் காட்டிய அக்காவுக்கு, முப்பது வருடமாக நான் சொல்லாமல் விட்டதெல்லாம் அந்த மொழிபெயர்ப்புக்குள் வந்து ஏறிக்கொண்டது. மிஸ் சொன்னதைவிட அது மிகவும் நீண்டுவிட்டது. மிஸ் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார்.

அக்கா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். 

"இவ்வளவும் அந்த மிஸ்ஸோ சொன்னவ?"

"ஓம்."

"நல்ல புள்ளை," என்றார் அக்கா. "அவவுக்குச் சொல்லு, நன்றியெல்லாம் என்னத்துக்கெண்டு. நாளைக்கும் வாறன், சட்டியைக் கழுவி வைக்கச் சொல்லு."

அக்கா என்ன சொன்னார் என்று மிஸ் கேட்டார். "சந்தோசமாம்," என்று சொல்லிவிட்டு, சட்டிகளை எடுத்துக்கொண்டு போய் வாவிக்கரைக் குழாயடியில் குந்தியிருந்து, ஒவ்வொன்றாக நானே கழுவினேன்.